மேகலா ஒதுக்கி வைத்த முந்நூற்று நாற்பது செடிகள்

1

இந்தக் கதை நான் திருடியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு வேறு யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குத்தான் அசிங்கம்.

ஜூன் மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம், சென்னையிலிருந்து காட்பாடிக்கு ரயிலில் வந்துகொண்டிருந்தேன். எதிர் இருக்கையில் இரண்டு பெண்கள், பதினேழு வயது சொல்லலாம். காலடியில் இரண்டு ஜோடி ரப்பர் பூட்ஸ், சிவப்பு மண் காய்ந்து ஒட்டியபடி. விமான நிலையத்தில் கட்டிய அட்டை இன்னும் பெட்டிகளில் தொங்கியது. அரக்கோணம் தாண்டியதும் அவர்கள் பேச்சுக்குக் காதைக் கொடுத்தேன். சோளிங்கரில் கையிலிருந்த புத்தகத்தை மூடினேன். காட்பாடி வந்தது, போனது. என் வீடு காட்பாடியில். நான் இறங்கியது ஆம்பூரில்.

பிளாட்பாரத்தில் அவர்களை நிறுத்தி, நான் கதை எழுதுகிறவள், நீங்கள் பேசியதை எழுதலாமா என்று கேட்டேன்.

"ஒட்டுக் கேட்டீங்களா ஆன்ட்டி?" என்றாள் ஒருத்தி. அவள் ஃபிர்தௌஸ்.

மற்றவள் மேகலா. அவள் பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எழுதுங்க. ஆனா ரெண்டு கண்டிஷன். நான் பண்ண தப்ப மூடி மறைக்கக் கூடாது. அப்புறம், அச்சுல வர்றதுக்கு முன்னாடி எங்கம்மா படிக்கணும். நீங்களே கொண்டு போய்க் குடுக்கணும்."

"நீயே சொல்லலாமே?"

"சொல்ல வாய் வரல ஆன்ட்டி," என்றாள்.

(இந்த இடத்தில் அவள் கண் கலங்கியது என்று எழுதியிருந்தேன். கலங்கவில்லை. அடித்துவிட்டேன்.)

2

ஆரம்பம் ஒன்று: "பேராக் மாநிலத்து மழைக்காட்டில் அன்று விடியும்போதே மழை—"

மழைக்காட்டில் மழை பெய்தது என்று சொல்ல ஓர் எழுத்தாளர் எதற்கு? கிழித்துப் போட்டேன்.

ஆரம்பம் இரண்டு: "பாலாறு வறண்டு கிடந்தது. தோல் பதனிடும் கழிவு கலந்த மண்ணில் வளர்ந்த ஒரு சிறுமி, கடல் தாண்டி ஒரு காட்டை—"

இதை மேகலாவுக்குப் போனில் படித்துக் காட்டினேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க ஊருன்னாலே எல்லாரும் இப்டிதான் ஆரம்பிக்கறீங்க. எங்க ஊர்க்காரங்க பண்ண பாவத்துக்குப் பரிகாரம் பண்ணவா நான் போனேன்? ஆசப்பட்டுப் போனேன் ஆன்ட்டி. ஆத்தப் பத்தி எனக்குத் தெரியாதா? அந்தக் கரையிலதான் நானும் இவளும் நானூறு செடி வெச்சோம்."

சரியான பேச்சு. அதையும் கிழித்தேன். நானூறு செடி விஷயம் மட்டும் எடுத்து வைத்துக்கொண்டேன்.*

* மேகலாவும் ஃபிர்தௌஸும் பிளஸ் டூ படிக்கும்போது, மாதனூருக்குப் பக்கத்தில் பாலாற்றங்கரையில் நட்டவை. வெளிநாட்டு அமைப்பு ஒன்று மழைக்காட்டை மீட்க மலேசியாவுக்கு வரும்படி பத்து நாட்டுப் பிள்ளைகளை அழைத்தபோது எல்லோரும் தழைத்த மரத்தோடு படம் எடுத்து அனுப்பினார்கள். இவர்கள் செத்துப் போன செடிகளின் பட்டியலை அனுப்பினார்கள், எது ஏன் செத்தது என்ற குறிப்போடு. தேர்வான இருபது பேரில் இருவரும் இருந்தார்கள்.

ஆரம்பம் மூன்று: "மாதனூர் நிறுத்தத்துக்குக் காலை ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் வரும்."

இது நிற்கும் போலிருக்கிறது. ஏறுகிறவர்களில் ஒருவர் சுந்தரி, மேகலாவின் அம்மா. ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷமாகச் செக்கர். மேசையில் வந்து விழும் ஒவ்வொரு தோல் துண்டையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார். மாட்டைப் பூச்சி கடித்த தடமோ முள் கீறலோ தெரிந்தால், அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டுவார். பிறகு அந்தத் துண்டு நல்ல சரக்கின் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது. ஒதுக்கியது தனி, நல்லது தனி. சுந்தரியின் கண்ணைத் தாண்டி ஒரு கீறல் போனதில்லை என்று லைனில் எல்லோரும் சொல்வார்கள்.

மகளை வெளிநாடு அனுப்புகிறார் என்று தெரிந்ததும் பஸ்ஸில் ஆளாளுக்கு வாயைத் திறந்தார்கள். "வயசுப் பொண்ண கடல் தாண்டி அனுப்பறியே." "மரம் நட மலேசியா போகணுமா? நம்ம ஊர்ல எடமா இல்ல?" சுந்தரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊர் வாயை மூட முடியாது, காதை மூடலாம் என்பது அவர் கட்சி.

3

இனி மேகலாவோடு போவோம். 'நான்' கொஞ்ச நேரம் ஒதுங்கிக்கொள்கிறேன்.

பேராக்கில் மலையடிவாரத்தில் முகாம். ஒரு காலத்தில் காடாக இருந்து, பிறகு எண்ணெய்க்கான செம்பனைத் தோட்டமாகி, அதுவும் கைவிடப்பட்ட சரிவு அது. அதை மறுபடி காடாக்க வேண்டும். முதல் நாள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அவரவர் ஊரைப் பற்றிச் சொன்னார்கள். ஒருத்தி பனிமலை என்றாள், ஒருவன் பவளப் பாறை என்றான். மேகலாவின் முறை வந்தது. நம் ஊரில் எதைச் சொல்வது? பிரியாணியைச் சொல்லலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. பிறகு எழுந்து, தனக்குத் தெரிந்த இங்கிலீஷில், "எங்கள் ஊர்க்காரர்கள் ஷூ தைக்கிறவர்கள். உங்கள் காலில் இருப்பது என் அம்மா பார்த்து அனுப்பியதாகக்கூட இருக்கலாம்" என்றாள்.

பத்து நாட்டுப் பிள்ளைகளும் காலைத் தூக்கி ஷூவின் நாக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். மூன்று ஜோடி இந்தியாவில் செய்தவை. மேகலாவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது, எனக்கும்தான்.

நாற்றங்கால் பொறுப்பாளர் ஜெயசீலன். முப்பது வயது, அந்த நாட்டுத் தமிழர், எப்போதும் அவசரத்தில் இருப்பவர். நிழல் வலைக்குக் கீழே பைகளில் வளர்ந்து நின்ற மெராந்தி என்ற காட்டு மரத்தின் தொள்ளாயிரம் கன்றுகளைக் காட்டி, "நல்ல கன்னா பார்த்து எடுத்து வைங்க, மலைக்கு ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் வேறு முகாமுக்குப் போய்விட்டார்.

நல்ல கன்று என்றால் எது? மற்றவர்கள் விழித்தார்கள். மேகலா விழிக்கவில்லை. ஒரு கன்றைத் தூக்கினாள், வெளிச்சத்தில் திருப்பினாள், இலையில் பூச்சி தின்ற ஓட்டையைப் பார்த்தாள். பென்சில் டப்பாவில், அம்மாவின் மேசையிலிருந்து அவள் எடுத்து வந்த சிவப்பு அம்பு ஸ்டிக்கர் தாள் இருந்தது. ஒன்றை உரித்துப் பையில் ஒட்டினாள். ரிஜெக்ட்.

அவள் வேகத்தைப் பார்த்து மற்றவர்கள் வாயைப் பிளந்தார்கள். அரை மணி நேரத்தில் எல்லோருக்கும் கற்றுக்கொடுத்துவிட்டாள். இலையில் ஓட்டை, தண்டில் வளைவு, பட்டையில் கீறல், எது இருந்தாலும் அம்பு. சாயங்காலத்துக்குள் முந்நூற்று நாற்பது கன்றுகள் ஒதுங்கின. ரிஜெக்ட் நல்ல சரக்கோடு கலக்கக் கூடாதல்லவா? அவற்றைத் தூக்கிப் போய்க் கொட்டகைக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் அடுக்கினார்கள். அங்கே நிழல் வலை கிடையாது. தண்ணீர் விடுகிறவர்கள் அந்தப் பக்கம் போக வேலையும் கிடையாது.

இரவுச் சாப்பாட்டுக்கு முன் மேகலா குரல் செய்தி அனுப்பினாள்: "ம்மா, இங்க செக்கிங் நான்தான்! பத்து நாட்டுப் பசங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன். உன் வேலையேதான் பாக்கறேன் ம்மா."

மறுநாள் காலை சுந்தரி அதைப் பஸ்ஸில் ஸ்பீக்கரில் போட்டார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. அத்தனை பெண்களும் கை தட்டினார்கள். மலேசியா எதுக்கு என்று கேட்டவரே எழுந்து வந்து சுந்தரியின் கன்னத்தைக் கிள்ளினாராம். அதன் பிறகு முகாம் நடந்த ஆறு வாரமும் பஸ்ஸில் அவர் பெயர் சுந்தரி இல்லை, 'மலேசியா செக்கரோட அம்மா'.

இப்போது புரிகிறதா, மேகலாவுக்கு ஏன் வாய் வரவில்லை என்று?

4

மூன்றாம் நாள் காலை ஜெயசீலன் திரும்பி வந்தார். கொட்டகைக்குப் பின்னால் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். நிழலிலேயே வளர்ந்த கன்றுகள். ஒன்றரை நாள் வெயிலில் இலைகள் பொசுங்கிச் சுருண்டிருந்தன.

இருபது பேரையும் வரிசையாக உட்கார வைத்தார். முதலில் இங்கிலீஷில் கத்தினார். கோபம் முற்றியதும் தமிழ் வந்துவிட்டது. மற்ற பதினெட்டுப் பேருக்கு அது வெறும் சத்தம்.

"பூச்சி தின்ன எலையா? பூச்சி திங்காட்டி அது என்னா காடு? இந்த மரம் அஞ்சாறு வருசத்துக்கு ஒரு வாட்டிதான் காய்க்கும், தெரியுமா? விதைய எடுத்து வைக்கவும் முடியாது. விழுந்த சூட்டோட மொளைக்கலன்னா செத்துடும். இது போச்சுன்னா மறுபடி காய்க்கற வரைக்கும் நான் எங்க போறது?" ஒரு கன்றைத் தூக்கி, பையில் ஒட்டியிருந்த சிவப்பு அம்பைப் பார்த்தார். "இது என்னா ஸ்டிக்கரு? காட்ட செருப்புக் கடைன்னு நெனச்சிட்டீங்களா லா?"

செருப்புக் கடை. வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் மேகலா தாங்கியிருப்பாள். முதல் நாள் நெஞ்சை நிமிர்த்தி எதைச் சொன்னாளோ, அதன் மேலேயே அடி விழுந்தது. இனி இவர்கள் வாழ்நாள் முழுக்க ஆம்பூர் என்றால் இதைத்தான் நினைப்பார்கள். ஆற்றைக் கெடுத்த ஊர், காட்டையும் வந்து கெடுத்தது என்பார்கள்.

"யாரு செஞ்சது இது?" ஜெயசீலன் மறுபடி இங்கிலீஷுக்கு வந்தார். "யார் சொல்லி இப்படிப் பிரித்தீர்கள்?"

ஃபிர்தௌஸ் மேகலாவின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள். "சும்மா உக்காருடி. எல்லாரும்தான பண்ணோம்."

மேகலா—

5

இங்கே மூன்று நாள் நின்றுபோனேன். எழுதி அடித்த முடிவுகளை மறைக்காமல் வைக்கிறேன்.

முடிவு அ: மேகலா பேசாமல் இருந்துவிடுகிறாள். கன்றுகள் சாகின்றன. ஒவ்வொரு நாளும் குற்ற உணர்ச்சி அவளை அரிக்கிறது. ஊர் திரும்பியதும் ஆற்றங்கரையில் தனியே ஒரு செடியை—

சோகமாக முடித்தால் கதை கனமாகிவிடும் என்று எனக்கொரு கெட்ட பழக்கம். அடித்தேன்.

முடிவு ஆ: ஃபிர்தௌஸ் எழுந்து, "நான்தான்" என்று பழியை ஏற்கிறாள்.

இதற்கு ஃபிர்தௌஸே போன் செய்துவிட்டாள். "ஆன்ட்டி, நான் தோஸ்த்துதான், அதுக்குன்னு தியாகியா? அன்னிக்கு எனக்கும் பயம். கைய புடிச்சு உக்கார வெக்கத்தான் பாத்தேன். அத அப்டியே எழுதுங்க." உண்மையில் இவள் இந்தக் கதைக்குத் தேவையா என்றுகூட ஒரு கட்டத்தில் நினைத்தேன். நல்லவேளை, எடுக்கவில்லை.

முடிவு இ: மேகலா அம்மாவுக்குப் போன் போடுகிறாள். பதினான்கு வருஷ அனுபவத்திலிருந்து சுந்தரி ஒரு வழி சொல்கிறார். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு—

"அம்மாகிட்ட நான் பேசவே இல்ல," என்றாள் மேகலா. "அங்க நின்னது நான். அம்மா என்னா பண்ணும் பாவம்? கத அழகா இருக்கணும்னு என் வேலைய எடுத்து அம்மாவுக்குக் குடுக்காதீங்க."

ஆக, நடந்தது நடந்தபடி ஒரு தாள் எழுதினேன். அதைக் கடைசியில் தனியாக மடித்து வைத்துக் குண்டூசி குத்தினேன். அதற்கு மேல் தள்ளிப்போட எனக்குச் சாக்கு இல்லை.

6

(இனி 'நான்' தவிர்க்க முடியாது. மன்னிக்கவும்.)

காலை ஏழு மணிக்கு மாதனூர் நிறுத்தத்தில் சுந்தரியிடம் தாள்களைக் கொடுத்தேன். மேகலா முந்தின நாளே ஃபிர்தௌஸ் வீட்டுக்குப் போய் ஒளிந்துகொண்டாள். காட்டில் அட்டையையும் பாம்பையும் பார்த்தவள், அம்மாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடிவிட்டாள்.

"எம் பொண்ணப் பத்திக் கதையா?" சுந்தரிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பஸ்ல எல்லாருக்கும் படிச்சுக் காட்டறேன் அக்கா."

"மொதல்ல நீங்க மட்டும் படிங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். செக்கர் கண் அல்லவா? அதற்குள் எதையோ கண்டுகொண்டது. பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்.

அன்று முழுக்க எனக்கு ஒரே பேஜார். ஆபீஸில் இரண்டு பேரிடம் எரிந்து விழுந்தேன். ஒரு தாயின் பெருமையை ஆறு வாரம் கழித்துத் தட்டிப் பறிக்க நான் யார்? இந்தக் கதை வராவிட்டால் உலகம் என்ன குடியா முழுகிவிடும்? மேகலாவிடம் சொல்லி, தவறை மட்டும் எடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். யோசித்ததற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

7

மறுநாள் ஏழு மணிக்கே நிறுத்தத்தில் நின்றேன். சுந்தரி எனக்கு முன்பே வந்திருந்தார். தாள்களை என் கையில் கொடுத்தார். கடைசித் தாளில் குத்திய குண்டூசி அப்படியே இருந்தது.

"கடைசிப் பக்கம் படிக்கலையா?"

"இல்ல. 'யாரு செஞ்சது'ன்னு அவரு கேக்கற எடத்துல கம்பெனி வாசல் கேட்டு வந்துடுச்சு. பேப்பர உள்ள எடுத்துட்டுப் போக முடியாது."

"சாயங்காலம் படிச்சிருக்கலாமே?"

"எதுக்கு?"

சுந்தரி டிபன் பையைத் தோளில் சரிசெய்துகொண்டார்.

"ராத்திரி வந்தா. சோறு போட்டேன். மூஞ்சியே சரியில்ல. அவளா சொல்லட்டும்னு நானும் கேக்கல. ஆனா எனக்குத் தெரியும் அக்கா. கைய கிய தூக்கியிருக்க மாட்டா. எழுந்து நின்னிருப்பா. 'நான்தான்'னு சொல்லியிருப்பா. அழுகைய அடக்கிக்கினு, 'திட்டறத அப்புறம் திட்டுங்க, மொதல்ல செடிய நெழலுக்குத் தூக்கலாம்'னு சொல்லியிருப்பா. அப்புறம் ரிவொர்க் டேபிள் போட்டிருப்பா."

"ரிவொர்க்கா?"

"பின்ன? ரிஜெக்ட்ட எல்லாம் தூக்கிப் போட்டா கம்பெனி எப்பவோ மூடியிருக்கும். அம்பு ஒட்டறது பாதி வேலதான் அக்கா. எத தேய்க்கலாம், எத திருப்பி வெட்டலாம்னு உக்காந்து பாக்கறதுதான் மீதி. சின்னதுல என்கூட லீவுக்கு வந்தப்ப மொதல் பாதிய மட்டும் பாத்துட்டுப் போய்ட்டா கழுத. மீதிய அங்க போய் அவளே கத்துக்கிட்டிருப்பா."

நான் கடைசித் தாளைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. ஆகவே வாசகரே, உங்களுக்காக நான் பார்த்துச் சொல்கிறேன். அதில் இருப்பது ஏறக்குறைய இதேதான். மேகலா ஃபிர்தௌஸின் பிடியை உதறி எழுந்தாள். கொட்டகையில் நான்கு மேசை போட்டார்கள். உடனே பை மாற்ற வேண்டியவை, பொசுங்கிய இலையைக் கிள்ள வேண்டியவை, மூன்று வேளை நீர் தெளித்துச் சும்மா விட வேண்டியவை என்று மேகலா ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துப் பிரித்தாள். தண்ணீர் சுமந்தது ஃபிர்தௌஸ். இரண்டாம் வாரம் ஜெயசீலனே அந்த மேசையில் உட்கார்ந்து, வேறு முகாமில் வாடிய கன்றுகளையும் கொண்டுவரச் சொன்னார். நான் எழுதியதில் இல்லாதது ஒன்றே ஒன்று: அழுகையை அடக்கியது. அதை மேகலா என்னிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு மட்டும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

"செடிங்க பொழச்சுதா?" சுந்தரி கேட்டது அது ஒன்றைத்தான்.

"இவங்க கெளம்பற வரைக்கும் இருநூத்தித் தொண்ணூத்தொண்ணு துளிர் விட்டுச்சாம். மழைக்கு அப்புறம்தான் மலையில நடுவாங்க. அதுக்கு மேல யாருக்கும் தெரியாது."

சுந்தரி மனசுக்குள் எதையோ கழித்துப் பார்த்தார். "நாப்பத்தொம்போது போய்டுச்சு," என்றார் மெதுவாக. அந்த நாற்பத்தொன்பதுக்காக அவர் முகம் உண்மையிலேயே வாடியது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஏழு பத்து. கம்பெனி பஸ் வந்து நின்றது.

"அப்போ, தப்ப அப்டியே விடலாமா? அச்சுல வந்தா எல்லாரும் படிப்பாங்க," என்றேன்.

"அச்சுல வர்ற வரைக்கும் எவ காத்திருப்பா?" என்று சொல்லி ஏறினார் சுந்தரி. உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நடுவில் நின்றுகொண்டார். ஜன்னல் வழியே அவர் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கேளுங்கடி எல்லாரும்! எம் பொண்ணு அங்க போய் முந்நூத்து நாப்பது செடிய சாவடிக்கப் பாத்தா, தெரியுமா உங்களுக்கு?"

அந்தக் குரலில் வெட்கம் இல்லை. மன்னிப்பும் இல்லை. 'எம் பொண்ணு' என்று சொன்ன இடத்தில் அப்படியொரு அழுத்தம். எனக்குப் புல்லரித்துவிட்டது, சொல்வதற்கென்ன.

பஸ் கிளம்பிவிட்டது. அவர் அந்தக் கதையை எப்படிச் சொன்னார், எங்கே நிறுத்தினார், யார் யார் என்ன கேட்டார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான் எழுதிவைத்த முடிவை விட அது நன்றாகத்தான் இருந்திருக்கும். உங்களுக்கு வேண்டுமானால் காலை ஏழு பத்துக்கு மாதனூர் நிறுத்தத்தில் நின்று, அந்தப் பஸ்ஸில் ஏறுகிற யாரையாவது கேளுங்கள்.